ஸ்கோப்பில் எதுக்களிப்பு நோய் என்று வந்துவிட்டது, ராத்திரிச் சாப்பாட்டை என்ன செய்ய?

வள்ளியூர் கடைக்காரன்:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. ரொம்ப நாளாகவே நெஞ்செரிச்சல், படுத்தால் புளித்தண்ணி தொண்டைவரை ஏறும். பாளையங்கோட்டையில் ஸ்கோப் (வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோபி) பார்த்ததில் உணவுக்குழாயின் அடியில் புண்ணாம், அமிலத்தைக் குறைக்கிற பேண்டோபிரசோல் 40 மாத்திரை எழுதி எட்டு வாரம் போடச் சொன்னார்கள். டாக்டர் "எண்ணெய், காரம் குறைங்க" என்றதோடு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். கடை அடைக்கவே பத்து மணி, அப்புறம் பரோட்டா சால்னா, இல்லாவிட்டால் வீட்டில் மிஞ்சிய சொதி, சாப்பிட்ட கையோடு படுக்கை. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்றை விடச் சொல்கிறார்கள், எல்லாவற்றையும் கேட்டால் கஞ்சியும் உப்பும்தான் மிச்சம். எதைத்தான் விடணும்? மாத்திரை காலம் பூராவா?

அம்பை அக்கா:
தம்பி, நான் மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? காலையில் வெறும் வயிற்றில், சாப்பிட அரை மணி முன்னால் போடணும். சாப்பாடு இறங்கும்போதுதான் அமிலம் சுரக்கிற பம்புகள் முழு வேகத்தில் ஓடும், அந்த நேரம் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்கும். இட்லியைத் தின்றுவிட்டுப் போட்டால் பலன் குறையலாம். முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும், முதல் நாளே அலுத்துக்கொள்ளாதீர்கள். காலம் பூராவா என்பது புண்ணைப் பொறுத்தது, நிறையப் பேருக்குக் குறைத்துவிடலாம். ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் கொஞ்ச நாளைக்கு முன்னைவிடக் கிளம்பி வரலாம்.

களக்காட்டான்:
சொதியை யார் குறை சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் ராத்திரி பத்தரைக்குச் சொதி அநியாயம் அண்ணாச்சி. தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம், வயிறு காலியாக நேரம் பிடிக்கும், இரைப்பை வாயை மூடுகிற தசையும் தளர்ந்துபோகும். அதை ஞாயிறு மத்தியானத்துக்குத் தள்ளுங்கள். ஏழு மணிக்கே வீட்டிலிருந்து நாலு இட்லி வரவழைத்துக் கல்லாவில் உட்கார்ந்தே முடித்துவிடலாம், படுக்க மூன்று மணி நேரம் இடைவெளி கிடைக்கும். அப்புறம் கட்டிலின் தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் அடியில் ஆறு அங்குலத்துக்குச் செங்கல் வையுங்கள். எங்கள் அப்பா கட்டிலுக்கு அப்படித்தான், செங்கல்மேல் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்திருக்கிறோம், வழுக்காது. தலையணையை அடுக்குவது உதவாது, வயிறு மடங்கி இன்னும் மேலே தள்ளும். இடப்பக்கம் சரிந்து படுங்கள்.

வள்ளியூர் கடைக்காரன்:
கல்லாவில் இட்லியா! சாமான் வாங்க வருகிறவன் சட்னி கேட்பானே. சரி, பார்க்கிறேன். கருப்பட்டிக் காபி இல்லாமல் கடையே திறக்காது, அதையும் விடணுமா? முதுகுவலிக்கு அப்பப்போ வலி மாத்திரையும் போடுவேன்.

அம்பை அக்கா:
காபி, புளி, தக்காளி, காரம் எல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யாது. கொஞ்ச நாள் விட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள், எரிகிறதை மட்டும் விட்டால் போதும். டைக்ளோபினாக், இபுப்ரோபென் மாதிரி வலி மாத்திரைதான் காபியைவிட மோசம், புண்ணை ஆறவிடாது, அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் அதுவும் அந்தத் தசையைத் தளர்த்தும். சோறு விழுங்கும்போது சிக்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, எடை தானாகக் குறைந்தாலோ எட்டு வாரம் முடியட்டும் என்று இருக்காதீர்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வேர்த்துக்கொட்டினால் கேஸ் என்று சோடா குடிக்காமல் உடனே போய் ஈசிஜி எடுங்கள்.

களக்காட்டான்:
தொந்தி இருந்தால் பெல்ட்டையும் ஒரு ஓட்டை தளர்த்துங்க அண்ணாச்சி.