வன்திறப்பும் பழகுகதவும்: தீயணைப்புப் பயிற்சிக்கான சொற்கள் குறித்து

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பூட்டிய கதவைத் தீயணைப்பு வீரர்கள் கருவிகளைக் கொண்டு திறந்து உள்ளே செல்லும் செயலுக்கும், அச்செயலைக் கற்பிப்பதற்காகப் பயிற்சித் திடலில் நிறுத்தப்படும் எஃகுக் கதவுக்கும் தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்று கேட்கப்பட்டதிலிருந்து இவ்விழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். செயலுக்குக் 'கட்டாய நுழைவு', 'கதவுடைப்பு', 'வன்புகல்' ஆகியவையும், கதவுக்கு 'மாதிரிக் கதவு', 'போலிக் கதவு' ஆகியவையும் முன்மொழியப்பட்டுள்ளன. பயிற்சிக் குறிப்புகள் சிலவற்றைத் தமிழாக்கும் பணிக்காக அத்தகைய கதவின் முன் 2 நாள்கள் நின்று, கருவியைக் கையில் பிடித்துப் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அகராதியைப் பார்ப்பதற்கு முன்னர், கதவின் எதிரே நிற்பவரின் கை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

பணி இவ்வாறு நடைபெறுகிறது. கதவை அணுகியதும் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பூட்டாத கதவை நெம்பிக்கொண்டிருப்பது பயிற்சி பெற்றவருக்கு அழகன்று. அடுத்து, கதவு எப்பக்கம் திறக்கும் என்பதை அறிய வேண்டும். கீல் நம் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் அது நம்மை நோக்கித் திறக்கும் கதவு; தெரியாவிட்டால் உள்நோக்கித் திறக்கும் கதவு. பிறகு கதவின் மேற்பகுதியிலும் நடுவிலும் கீழ்ப்பகுதியிலும் தட்டிப் பார்த்து, எங்கே அது அசையாமல் இறுகி நிற்கிறதோ அங்கே தாழோ பூட்டோ இருக்கிறது என்று உணர்கிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகே இரும்பு கதவைத் தொடுகிறது.

வேலை செய்பவர்கள் இருவர். ஒருவரிடம் ஹாலிகன் கோலும், மற்றவரிடம் பின்தலை தட்டையான கோடாரியும் இருக்கும். நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையின் மூத்த அதிகாரியான ஹியூ ஹாலிகன் 1948-இல் வடிவமைத்த அக்கோல், பொதுவாக 30 அங்குல நீளம் உடையது. அதன் ஒரு முனை இரண்டாகப் பிளந்த கவை. மறுமுனையில், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில், அகன்ற தட்டையான வாய் ஒன்றும் கூரிய முள் ஒன்றும் இருக்கின்றன. கருவியின் பெயரை ஆக்கியவர் பெயராலேயே வழங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. உறுப்புகளுக்கோ நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. பிளந்த முனையைக் கவை என்கிறோம். அகன்ற வாயைக் கண்டதும் எந்தத் தச்சரும் வாய்ச்சி என்றே சொல்வார். மரத்தைச் செதுக்கும் வாய்ச்சியைப் போலவே அதன் வாய் பிடிக்குக் குறுக்காக அமைந்திருக்கிறது. ஆகவே 'கவை, வாய்ச்சி, முள்' என்ற மூன்றும் போதும். இக்கோலும் கோடாரியும் பிரியாமல் ஒருசேரக் கொண்டு செல்லப்படுவதால், அந்த இணைக்கு 'இரும்பிணை' என்று பெயரிடலாம் எனத் தோன்றுகிறது.

உள்நோக்கித் திறக்கும் கதவாயின், பூட்டுக்கு அருகே வாய்ச்சியைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே இறக்கி, கோலை மேலோ கீழோ அழுத்திச் சிறு சந்து உண்டாக்குகிறார்கள். அச்சந்தில் கவையை வைத்து, மற்றவர் கோடாரியின் பின்தலையால் அடிக்க அடிக்க, கோலைப் பிடித்திருப்பவர் அதைச் சிறிது சிறிதாகக் கதவை விட்டு அப்பால் நகர்த்துகிறார். அவ்வாறு நகர்த்தாவிடில் கவை நிலைச்சட்டத்தின் உள்ளேயே புதைந்து நின்றுவிடும். கவை நிலையின் உள்விளிம்பைத் தாண்டிக் கதவின் பின்புறத்தை எட்டியதும் கோலைக் கதவை நோக்கித் தள்ள, நெம்புகோல் விசை பன்மடங்காகிப் பூட்டின் நாக்கு நிலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறது. வெளிநோக்கித் திறக்கும் கதவில் பெரும்பாலும் வாய்ச்சியே வேலை செய்கிறது. அதைக் கதவின் விளிம்பில் ஆழ இறக்கிக் கோலைக் கதவிலிருந்து அப்பால் இழுத்தால் போதும்.

இதில் உடைப்பது எங்கே இருக்கிறது? கதவு உடையலாம், உடையாமலும் இருக்கலாம். திறமையான இருவர் செய்தால், பூட்டும் நிலையின் ஒரு பகுதியும் கெடுமே தவிரக் கதவுப் பலகை முழுதாகவே நிற்கும், நிற்கவும் வேண்டும். கதவைத் திறப்பது எரியும் அறைக்குக் காற்றை விடுவதாகும். காற்று போதாமல் அடங்கிக் கிடந்த தீ, கதவு திறந்த சிறிது நேரத்திலேயே மீண்டும் பெருகும். ஆகவே கதவு விட்டுக்கொடுக்கும் நொடியில் அது தானாக ஓடித் திறந்துவிடாமல் பட்டையாலோ கயிற்றாலோ பிடித்து நிறுத்தி, நீர்க்குழாய் ஆயத்தமாகும் வரை சாத்தி வைத்திருக்கிறார்கள். உடைந்து விழுந்த கதவைச் சாத்த முடியாது. 'கதவுடைப்பு' என்று முன்மொழிந்த அம்மையாரின் எளிமை விருப்பம் எனக்கும் உண்டு; ஆனால் அச்சொல்லைக் கேட்டுப் பயிற்சிக்கு வரும் இளைஞர் கோடாரியை ஓங்கிக் கதவின் நடுவில் போடத்தான் எண்ணுவார். முதல் நாளில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

இதே காரணத்தால் 'நுழைவு' என்ற பகுதியும் எனக்கு உடன்பாடில்லை. திறப்பது ஒரு செயல், நுழைவது வேறொரு செயல். இரண்டுக்கும் இடையே கதவைப் பிடித்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, முடிவெடுக்கும் ஒரு கணம் இருக்கிறது. 'forcible entry' என்ற ஆங்கில மூலச் சொல் நுழைவைச் சொல்கிறது என்பதற்காக நம் சொல்லும் அந்தக் கணத்தை விழுங்கிவிட வேண்டியதில்லை. 'கட்டாய நுழைவு' என்பதில் வேறொரு குறையும் உண்டு: கட்டாயக் கல்வி என்றால் கற்றே ஆக வேண்டும் என்று பொருள்படுவது போல, கட்டாய நுழைவு என்றால் நுழைந்தே ஆக வேண்டும் என்ற பொருளே முதலில் தோன்றுகிறது. 'வன்புகல்' ஓசையில் இனியது. ஆயினும் 'புகல்' என்றால் அடைக்கலம் என்று கொள்பவர்களே இன்று மிகுதி. கன்னக்கோல் என்ற பழஞ்சொல்லை மீட்கலாமா என்று ஒரு நண்பர் வினவியிருந்தார். கன்னம் வைப்பது சுவரைத் துளைத்துக் களவாடும் செயல். உயிரைக் காக்க வருபவரின் கையில் அந்தக் கோலைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே 'வன்திறப்பு' என்பதை முன்வைக்கிறேன். 'வன்' என்றதும் வன்முறையும் வன்கொடுமையும் நினைவுக்கு வரும் என்ற எதிர்ப்பை எதிர்பார்க்கிறேன். ஆனால் வன்மரம், வன்பொருள் என்ற சொற்களில் கொடுமை எதுவும் இல்லை. எளிதில் இணங்காமை, உறுதி என்ற பொருளே உண்டு. இணங்காத கதவைத் திறப்பது வன்திறப்பு. இலக்கண வழிப்படி இது 'வன்றிறப்பு' என்றாக வேண்டும் என்பதை மறக்கவில்லை. வன்றொடர்க் குற்றியலுகரத்தை இன்றைய பாடநூல்கள் வன்தொடர்க் குற்றியலுகரம் என்றும் எழுதுகின்றன. அதே சலுகையை இங்கும் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் 'றிறப்பு' என்று எழுதினால் சொல்லின் உயிரான திறப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

கோலால் நெம்புவதை மட்டும் குறிக்கும்போது 'நெம்புதிறப்பு' எனலாம். சுழல்வாளால் சட்டங்களையோ சுருள் கதவையோ அறுப்பது 'அறுதிறப்பு'. பூட்டின் உருளையைப் பிடுங்கி எடுத்து, உள்ளே இருக்கும் பொறியைச் சிறு கருவியால் திருப்புவது 'பூட்டுவழித் திறப்பு'; இதில் கதவுக்குப் பெரும்பாலும் சேதமே இருக்காது. இவை மூன்றும் வன்திறப்பின் வகைகளாக அடங்கும்.

நெம்புதிறப்பின் 3 படிகளுக்கு 'விலக்கு, செருகு, நெம்பு' என்ற ஏவல்களைப் பரிந்துரைக்கிறேன். இடைவெளியாக்கம், பொருத்துகை, விசைப்பாடு என்று ஒருவர் எழுதியவை பாடநூலில் நிற்கலாம். முகமூடிக்குள்ளிருந்து கத்த உதவா. கத்துவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகையில் கண் தெரியாதபோது அடிப்பவர் தாமாக அடிப்பதில்லை. கோலைப் பிடித்திருப்பவரே ஒவ்வோர் அடிக்கும் சொல் கொடுக்கிறார், ஏனெனில் அவருடைய விரல்கள்தாம் அடிவிழும் இடத்திற்கு அருகில் இருக்கின்றன. 'அடி' என்பது இயல்பான ஏவல். ஆனால் நிறுத்துவதற்குப் 'பிடி' என்று ஒரு வரைவில் எழுதியிருந்தார்கள். மூச்சுக்கருவியின் இரைச்சலில் அடியும் பிடியும் ஒன்றாகவே கேட்கும். அது ஒருவரின் கையெலும்பைப் பொறுத்த செய்தி. 'நிறுத்து' என்ற சற்று நீண்ட சொல் 'அடி'யோடு எந்த இரைச்சலிலும் மயங்காது என்பதால் அதையே கொள்ள வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பயிற்சிக் கதவு. எஃகால் ஆன நிலையும் கதவும் அசையாதபடி நிறுத்தப்பட்டிருக்கும். பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் அமைத்து அதில் மரத்துண்டைச் செருகுகிறார்கள். நெம்பும்போது அம்மரம் நசுங்கியோ முறிந்தோ வழிவிடுகிறது. துண்டை மாற்றிவிட்டு அடுத்தவர் தொடங்கலாம். மென்மரத்திலிருந்து வன்மரத்திற்கோ, ஒரு துண்டிலிருந்து இரண்டு துண்டுகளுக்கோ மாறினால் கடினம் கூடும். உண்மையான கதவொன்று ஒரே முறைதான் கற்றுத் தரும். இக்கதவோ ஒரே நாளில் பலருக்கும் மீண்டும் மீண்டும் கற்றுத் தருகிறது. நான் முதலில் முயன்றபோது கவை 4 முறை வழுக்கி வெளியே வந்தது. பயிற்றுநர் என் தோளைத் தொட்டு, கோலின் முனையைப் பார்க்காமல் ஓசையைக் கேட்கச் சொன்னார். கவை சந்தில் சரியாக இறங்கும்போது ஒரு விதமாகவும், நிலையில் முட்டி நிற்கும்போது வேறு விதமாகவும் ஒலிப்பதை அன்று பிற்பகலில்தான் என் காது பிரித்தறிந்தது.

இதைப் 'போலிக் கதவு' என்பது பொருந்தாது. போலியில் ஏமாற்று உண்டு; இக்கதவில் எதிர்ப்பு உண்மையானது. 'மாதிரிக் கதவு' என்றால் விற்பனைக் கூடத்தில் பார்வைக்கு வைத்தது போல இருக்கிறது. 'பயிற்சிக் கதவு' தவறன்று, பேச்சில் அதுவே வழங்கட்டும். ஆனால் கலைச்சொல்லாகப் 'பழகுகதவு' என்பதை விரும்புகிறேன். ஊறுகாய், சுடுகாடு போல இது வினைத்தொகை. பழகிய, பழகுகின்ற, பழகும் என்று முக்காலத்தையும் தாங்குகிறது. வினைத்தொகையாதலால் இடையே ஒற்று மிகாது. 'பழகுக்கதவு' என்று எழுதிவிட வேண்டாம். பழகு என்ற வினையில் உடலால் திரும்பத் திரும்பச் செய்து கைவரப்பெறுதல் என்ற பொருள் அடங்கியிருக்கிறது.

பழகுகதவுக்கு ஒரு குறைபாடு உண்டு. அதையும் வரையறையில் சேர்க்க வேண்டும். அதன் எஃகு நிலை வளைவதில்லை. மெய்யான கட்டடங்களில் மரநிலை பிளக்கிறது, தகட்டுநிலை விரிந்து கொடுக்கிறது, பூட்டு திடீரென விட்டுவிட நெம்பியவர் நிலைதடுமாறி முன்னே விழவும் கூடும். மரத்துண்டு மெல்ல நசுங்குவதை மட்டுமே பழகிய கை அந்தத் திடீர்த் தன்மைக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. ஆகவே 'மெய்க்கதவு' என்ற இணைச்சொல்லையும் பதிவு செய்தால், பாடத்திட்டத்தில் பழகுகதவில் இத்தனை முறை, மெய்க்கதவில் இத்தனை முறை என்று தெளிவாக எழுத முடியும்.

எஞ்சியிருப்பது அந்த மரத்துண்டின் பெயர். 'முறிகட்டை' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனினும் அது பல முறை முறியாமல் நசுங்கியே வழிவிடுகிறது. 'ஈடுகட்டை' என்றால் பூட்டுக்கு ஈடாக நிற்பது என்ற பொருள் கிடைக்கும். ஆனால் இழப்பை ஈடுகட்டுவதோடு அது மயங்குமோ என்ற ஐயம் இருக்கிறது. குழுமத்தில் தச்சுப் பணி அறிந்தவர்கள், தாங்கவும் வேண்டும் விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்று வைக்கும் துண்டுக்குப் பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தெரிவித்தால் அதையே ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்.