விடுபடு பங்கா, தப்பல் பங்கா, கசிவு வீதமா?

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். மாணவர் இதழுக்கான கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டியிருப்பதால் அதில் வரும் ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ்ப் பெயர் காண உங்கள் உதவியை நாடுகிறேன். 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட இந்திய வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட், ஏறத்தாழ 38 செ.மீ. விட்டமுள்ள புற ஊதாத் தொலைநோக்கியைக் கொண்டு, 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் திரள் ஒன்றின் அயனியாக்கும் ஒளியை, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கவல்ல ஒளியைப் பதிவுசெய்தது. புனேயிலுள்ள ஐயூகா என்னும் வானியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களின் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆகவே அந்த ஆற்றலுக்கு மேற்பட்ட, அதாவது 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியில் பெரும்பகுதியை, அது பிறந்த திரளின் ஹைட்ரஜனே விழுங்கிவிடுகிறது. விழுங்கப்படாமல் வெளியேறும் பங்கு இந்தத் திரளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் என்று கணித்திருக்கிறார்கள். அந்தப் பங்குக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். 'எஸ்கேப் ஃப்ராக்‌ஷன்' என்றே எழுத மனம் ஒப்பவில்லை. 'கசிவு வீதம்' எனலாமா?

தமிழாசிரியர் எழுதியது:

ஐயா, 'வீதம்' என்றால் மாணவர் 'நொடிக்கு எவ்வளவு' என்றே கேட்பார். இங்கே காலக் கணக்கு இல்லை. 'பின்னம்' வடசொல். 'பங்கு' நம் சொல்: பகு என்னும் அடியிலிருந்து பகுதி, பாதி, பால், பங்கு எல்லாம் கிளைத்தன, நாளைப் பகுப்பதால்தான் பகலும் பகல் ஆயிற்று. ஒளியைக் 'கசிகதிர்' என்று வினைத்தொகையாக்கினால் கசிந்த, கசிகின்ற, கசியும் என்னும் முக்காலமும் அதில் அடங்கும். என்றோ புறப்பட்டு இன்று வந்துசேரும் ஒளிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்தில் படித்த உறுப்பினர் ஒருவர் எழுதியது:

ஒரு கோளின் ஈர்ப்பை மீறி வெளியேறத் தேவையான வேகத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'விடுபடு வேகம்' என்கிறது. எங்களுக்கு அது 'தப்பல் வேகம்'. அதே வழியில் 'தப்பல் பங்கு' என்க. தப்பு என்றால் பிழை அல்லவா என்று கேட்பீர்கள். பிழை என்னும் சொல்லையே பாருங்கள்: பிழைத்தல் என்றால் தவறுதலும் ஆகும், உயிர் தப்புதலும் ஆகும். தப்புக்கும் அதே இரு பொருள். அம்பு குறி தப்பினால் எய்தவனுக்கு அது தவறு. மானுக்கு அது உயிர். ஹைட்ரஜன் அணுக்கள் அனைத்துக்கும் தப்பி வெளியே வந்த ஒளிக்கு இந்தச் சொல் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

இயற்பியல் ஆசிரியர் மீண்டும் எழுதியது:

அம்மா, அந்த விளக்கத்தை வகுப்பில் நிச்சயம் சொல்வேன். ஆனால் 'தப்பல்' எங்கள் மாணவருக்குப் பழக்கமில்லை. 'கசிவு' என் முன்மொழிவே ஆயினும் அதை மீட்டுக்கொள்கிறேன். வளிமம் எங்கும் மெலிந்திருப்பதால் ஒளி ஊடுருவி வரலாம். அல்லது விண்மீன் வெடிப்புகள் துளைத்த திறப்புகளின் வழியே மட்டும் பாயலாம். கசிவு முதலாவதையே நினைவூட்டுகிறது. எந்த வழி என்பதே ஆய்வுக்குரிய கேள்வியாக இருக்கும்போது, விடையைச் சொல்லிலேயே புதைத்துவிடக் கூடாது. 'விடுபடு பங்கு' எந்தப் பக்கமும் சாயவில்லை. வினைத்தொகை ஆதலால் வல்லினமும் மிகாது.

தமிழாசிரியர் எழுதியது:

'கசிகதிர்' போனதில் எனக்கு வருத்தமே. எனினும் 'பங்கு' நிலைத்தது, நாளும் நெருங்கிவிட்டது. என் ஒப்புதலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் படித்தவர் எழுதியது:

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன், ஆனால் உடன்படவில்லை. 'விடுபடு வேகம்' படித்த மாணவர், இந்த ஒளியும் ஈர்ப்பை வென்று வந்ததாக எண்ணிக்கொள்வார். இங்கே தடை ஈர்ப்பன்று, ஹைட்ரஜன். மேலும் 'விடுபட்ட பெயர்கள்' என்னும்போது பட்டியலில் சேராதவற்றைத்தானே குறிக்கிறோம்? இந்த ஒளியோ அப்படி ஒதுக்கத்தக்கதன்று: அண்டத்தின் முதல் நூறு கோடி ஆண்டுகளில் திரள்களுக்கு இடையிலிருந்த ஹைட்ரஜனை மீண்டும் அயனியாக்கியதில் இத்தகைய ஒளிக்கே பெரும்பங்கு இருந்ததாகக் கருதுகிறார்கள். கட்டுரையின் அடிக்குறிப்பிலாவது 'தப்பல்' இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.