கோஸ்டா ரிகா 1948: ராணுவத்தைக் கலைத்தது லட்சியமா, கணக்கா?

வழிப்போக்கன்:
ஒவ்வொரு டிசம்பர் 1-ம் தேதியும் அதே படம் சுற்றுக்கு வந்துவிடுகிறது. 1948-ல் ஆட்சித் தலைவராக இருந்த ஹோசே ஃபிகேரஸ் சம்மட்டியைத் தூக்கி, சான் ஹோசே நகரின் பெல்லாவிஸ்தா படைமுகாம் சுவரில் அடிக்கிறார். கீழே, "ராணுவத்தை ஒழித்துப் பள்ளிக்கூடம் கட்டிய நாடு" என்று ஒரு வரி. ஒரு வருஷத்து ரத்தத்தையே ஒரு சம்மட்டி அடியில் மறைத்துவிடுகிறார்கள். சுவரை அடித்தவர் எட்டு மாதத்துக்கு முன்னால் துப்பாக்கியோடு வந்து ஆட்சியைப் பிடித்தவர். போர் நடந்தது 44 நாள். செத்தவர்கள் சுமார் 2000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மொத்த நாட்டிலும் அப்போது எட்டு லட்சம் பேர்தான் இருந்தார்கள்.

காபிக்கொட்டை:
துப்பாக்கி ஏன் எடுத்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்களே! பிப்ரவரி 8 அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் ஒட்டிலியோ உலாத்தே, முன்னாள் அதிபர் கால்டெரோனைத் தோற்கடித்தார். வித்தியாசம் பத்தாயிரம் ஓட்டு. மார்ச் 1-ம் தேதி கால்டெரோன் ஆட்கள் நிறைந்த நாடாளுமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் நடந்த நாடாளுமன்றத் தேர்தல் மட்டும் செல்லுமாம்! தங்கள் நாற்காலி சுத்தம், எதிராளியின் நாற்காலியில் மட்டும் அழுக்கு. மார்ச் 12-ல் போர் தொடங்காமல் வேறு என்ன நடக்கும்?

வழிப்போக்கன்:
அந்தத் தேர்தலும் அவ்வளவு சுத்தமில்லை நண்பரே. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டதாக மறுபக்கமும் கத்தியது. ஓட்டுச்சீட்டுகளை வைத்திருந்த பெண்கள் பள்ளிக்கூடம் தீப்பிடித்து எரிந்தது. மூன்று பேர் கொண்ட தேர்தல் தீர்ப்பாயத்தில் ஒருவர் முடிவை ஏற்கவே இல்லை. அதோடு ஃபிகேரஸ் உலாத்தேவின் வெற்றிக்காகக் காத்திருந்து போருக்கு வந்தவரில்லை. 1942-ல் வானொலியில் அரசைத் திட்டி நாடு கடத்தப்பட்ட நாளிலிருந்தே அவர் ஆயுதம் தேடிக்கொண்டிருந்தார். 1947 டிசம்பரிலேயே குவாத்தமாலா அதிபர் அரேவாலோவின் ஆதரவோடு ஆயுத உதவிக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. போரின் முதல் நாள் சான் இசித்ரோ விமானத்தளத்தில் பயணிகள் விமானங்களைக் கைப்பற்றிக் குவாத்தமாலாவுக்குப் பறக்கவிட்டு ஆயுதம் ஏற்றி வந்தார்கள். பத்து நாளில் யோசித்துச் செய்கிற வேலையா இது?

அகல்யா:
நான் இந்தப் பக்கம் புதிது. கால்டெரோன் அவ்வளவு கெட்டவர் என்றால் அவருக்காக 44 நாள் உயிரைக் கொடுத்தது யார்?

மரப்பாச்சி:
அருமையான கேள்வி அகல்யா. வாழைத்தோட்டத் தொழிலாளிகள். கால்டெரோன் ஒரு மருத்துவர். 1941-ல் சமூகக் காப்பீட்டு நிறுவனம், 1943-ல் தொழிலாளர் சட்டம் என்று கொண்டு வந்தவர். அவர் பக்கம் கம்யூனிஸ்ட் தலைவர் மனுவேல் மோராவும் நின்றார், பேராயர் சனாப்ரியாவும் நின்றார். கடலோரச் சூட்டில் வேலை செய்தவர்கள் தலைநகர் மேட்டுநிலக் குளிருக்கு வந்தபோது நடுங்கிப்போய் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். பார்க்க மெக்சிகோ பாட்டுக்காரர்கள் மாதிரி இருந்ததால் ஊர்க்காரர்கள் "மரியாச்சி" என்று கேலி செய்தார்கள். எதிரிகள் வைத்த அந்தப் பெயரே கடைசியில் அரசுப் பக்கத்தாரின் பெயராகிவிட்டது. குளிருக்குப் போர்த்தின கம்பளிதான்!

காபிக்கொட்டை:
மரப்பாச்சி அக்கா சொல்வது சரி. ஆனால் வென்ற ஃபிகேரஸ் அந்தச் சட்டங்களில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லையே? ஜூனில் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார், பெரும் சொத்துக்கு 10 சதவீத வரி போட்டார். அவருக்காகப் பணம் இறைத்த பணக்காரர்களே தலையில் கை வைத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் சாசன அவைக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 45 இடத்தில் ஃபிகேரஸ் பக்கத்துக்குக் கிடைத்தது நாலே நாலு. உலாத்தே கட்சிக்கு 34. அதை ஏற்றுக்கொண்டு, 1949 நவம்பரில் நாட்டை உலாத்தேவிடம் கொடுத்துவிட்டுப் பண்ணைக்குப் போனார். லத்தீன் அமெரிக்காவில் துப்பாக்கியோடு வந்தவர்களில் எத்தனை பேர் இப்படிச் செய்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?

வழிப்போக்கன்:
ஆட்சியைக் கொடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். அதைக் குறை சொல்லவே முடியாது.
ஆனால் நான் கேட்டது டிசம்பர் 1 பற்றி. ராணுவம் என்று எதைக் கலைத்தார்? சில நூறு பேர் கொண்ட படை. பழைய ராணுவம் ஏப்ரலிலேயே தோற்றுவிட்டது. கலைத்த இரண்டாம் நாள், டிசம்பர் 3-ல், ரியோ ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரத் தேவைப்பட்ட கடைசி ஒப்புதலே கோஸ்டா ரிகா கொடுத்ததுதான். யாராவது தாக்கினால் அமெரிக்காவும் மற்ற நாடுகளும் வர வேண்டும் என்பது அதன் சாரம். பத்தாம் தேதி இரவு கால்டெரோன் ஆட்கள் நிகரகுவாவிலிருந்து உள்ளே வந்தபோது அதைத்தான் நீட்டினார்கள். குடையை வாங்கி வைத்துவிட்டுத்தான் கூரையைப் பிரித்தார் மனிதர்.
விசாரிக்க வந்த அமெரிக்க நாடுகள் அமைப்பு கோஸ்டா ரிகாவிடமும் ஒன்று சொன்னது: உங்கள் மண்ணில் இருக்கும் வெளிநாட்டு ஆயுதக் குழுக்களை அப்புறப்படுத்துங்கள் என்று. போரில் ஃபிகேரஸுக்குத் துணை நின்ற வெளிநாட்டுப் போராளிகளின் கரீபியப் படையணியைத்தான் சொன்னார்கள். ராணுவம் இல்லாத நாட்டில் விருந்தாளி ராணுவம்!

காபிக்கொட்டை:
கணக்குப் போட்டார், இருக்கட்டும். கணக்கு சரியாக வந்ததா இல்லையா? 1949 சாசனத்தின் 12-ம் பிரிவில் நிரந்தரப் படை கூடாது என்று எழுதியாயிற்று. அதற்குப் பிறகு அங்கே ராணுவத் தளபதி யாரும் அதிபர் மாளிகைக்கு வண்டி விடவில்லை. பக்கத்திலேயே குவாத்தமாலா, எல் சால்வடார், நிகரகுவா. அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டுமா?

வழிப்போக்கன்:
தளபதி இல்லாவிட்டால் என்ன, 1949 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் எட்கர் கார்டோனாவே கலகம் செய்தாரே. கலைத்து நாலே மாதத்தில்.

காபிக்கொட்டை:
செய்தார், தோற்றார். பின்னால் முழு ராணுவம் இல்லாததால்தான் சீக்கிரம் முடிந்தது. உங்கள் உதாரணம் என் பக்கம் பேசுகிறது.

மரப்பாச்சி:
இரண்டு பேரும் தாண்டிப் போகிற தேதி ஒன்று இருக்கிறது. டிசம்பர் 19. லிமோன் சிறையிலிருந்த ஆறு பேரைச் சான் ஹோசேவுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி ஃபிகேரஸ் ஆட்சியின் ஆட்கள் ரயில் பாதை வழியே அழைத்துப் போனார்கள். தொழிற்சங்கக்காரர்கள், கம்யூனிஸ்ட்கள். "பிசாசின் முழங்கை" என்று பெயர் பெற்ற வளைவில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். சம்மட்டி அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. போரை முடிக்க ஏப்ரல் 19-ல் மெக்சிகோ தூதரகத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் யாரையும் பழிவாங்க மாட்டோம் என்று உறுதி கொடுத்திருந்தார்கள். ஃபிகேரஸ் சார்பில் கையெழுத்திட்டவர் பெஞ்சமின் நூன்யெஸ் என்ற பாதிரியார், அவரே ஒரு தொழிற்சங்கத் தலைவர். ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தபோதே அந்தக் காகிதம் கிழிந்துவிட்டது. தடை 1975 வரை நீடித்தது. சட்டங்களைக் காப்பாற்றினார், சரி காபி. அதற்காக வீதியில் நின்றவர்கள் என்ன ஆனார்கள்?

அகல்யா:
இது எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் படத்தைப் போன வருஷம் நானும் பகிர்ந்தேன்.

காபிக்கொட்டை:
அந்த ஆறு பேருக்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. நியாயப்படுத்தவும் மாட்டேன். ஆனால் படத்தை வரும் டிசம்பரிலும் போடுவேன். கீழே 19-ம் தேதியைச் சேர்த்து எழுதுகிறேன். அதற்கு மேல் இறங்கிவர மாட்டேன்.

வழிப்போக்கன்:
சமூகக் காப்பீடு வந்த 1941-ஐயும் சேருங்கள். மருத்துவமனை வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்தத் தேதிதான் முக்கியம்.

காபிக்கொட்டை:
படத்துக்குக் கீழே இடம் போதாது ஐயா.