இறந்ததாக அறிவித்த நடிகையால் யாருக்காவது நன்மை விளைந்ததா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்) ஆசிரியை

இந்தி நடிகை பூனம் பாண்டே கருப்பை வாய்ப் புற்றுநோயால் காலமானார் என்று 2024 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே அறிவிப்பு வந்தது. மறுநாள் அவரே காணொளியில் தோன்றி, விழிப்புணர்வுக்காக அப்படிச் செய்ததாகச் சொன்னார். என் அண்ணி எங்கள் ஊரில் ஆஷா பணியாளர், அதாவது வீடு வீடாகச் செல்லும் அரசுச் சுகாதாரத் தொண்டர். மாதக்கணக்கில் பரிசோதனைக்கு அழைத்தும் அசையாத பெண்கள், அந்த வெள்ளிக்கிழமை மாலை தாமாகவே தொலைபேசியில் கூப்பிட்டு எப்போது வர வேண்டும் என்று கேட்டார்கள். பழைய நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் 11 பெயர்களை எழுதி வைத்தார் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்களின் குழுக் கூட்டம்) அந்தப் பக்கத்தைப் பிரித்ததும் ஒரே சிரிப்பு. "அவள்தான் உயிரோடு வந்துவிட்டாளே, நமக்கு எதற்குச் சோதனை?" என்றவர் முதல் ஆளாகக் கூப்பிட்டவர்தான். "எப்படியோ நாடு முழுக்கப் பேச வைத்தாரே" என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். அதை ஏற்கலாமா?

பதில் 1: செங்கோட்டை வாசகர்

ஏற்பதற்கில்லை. இதே நோயில் உண்மையாகவே இறந்த ஒரு பிரபலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டனின் ஜேட் கூடி தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் மட்டுமே பெயர் பெற்றவர். 2007இல் ஷில்பா ஷெட்டியை இழிவாகப் பேசிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானவர். 2008 ஆகஸ்டில் நம் நாட்டு இந்தி பிக் பாஸ் வீட்டுக்குள் இருந்தபோதுதான் அவருக்கு நோய் இருப்பது தெரிவிக்கப்பட்டது. பிறகு தம் திருமணத்தையும் கடைசி மாதங்களையும் ஊடகங்களுக்கு விற்றார். இரண்டு மகன்களுக்காகத்தான் அந்தப் பணம் என்று ஒளிக்காமல் சொன்னார். அதுவும் விளம்பரம்தான், மறுக்கவில்லை. 2009 மார்ச் 22 அன்று 27 வயதில் இறந்தார். 2008 நடுவிலிருந்து 2009 நடு வரையிலான ஓராண்டில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 4,78,000 பேர் கூடுதலாகப் பரிசோதனை செய்துகொண்டார்கள். பொய்ச் சாவு ஒரே நாளில் கலைந்தது. மெய்ச் சாவு பெண்களை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது.

பதில் 2: சித்தூர் ஆய்வகப் பணியாளர் (உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் அல்ல, ஆந்திரச் சித்தூர்)

செங்கோட்டை நண்பர் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். அப்போது இங்கிலாந்தில் 25 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பரிசோதனைக்கு வரச் சொல்லி அரசுச் சுகாதாரத் துறையிடமிருந்தே கடிதம் வரும். ஆகவே செய்தியைப் பார்த்துப் பயந்தவருக்கு எங்கே போவது என்ற குழப்பம் இருந்திருக்காது. கடிதத்தைத் தேடி எடுத்தால் போதும். நம் பக்கம் அப்படி எந்தக் கடிதமும் வீடு தேடி வருவதில்லை. உங்கள் அண்ணியின் நாட்குறிப்புத்தான் அந்தக் கடிதம், அதைத்தான் இந்த நாடகம் செல்லாக்காசாக்கியது. இன்னொன்றும் உண்டு. அதற்கு முதல் நாள், பிப்ரவரி 1 அன்று, இடைக்கால வரவுசெலவுத் திட்ட உரையில் 9 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசியை ஊக்குவிக்கப்போவதாக நிதியமைச்சர் அறிவித்திருந்தார். ஊர்தோறும் பேச வேண்டிய செய்தி அது. அடுத்த மூன்று நாளும் பேச்சு நடிகையைப் பற்றியே ஓடியது. அந்த நாடகத்தில் பங்கெடுத்த விளம்பர நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது என்பதையும் வாதாடுபவர்களுக்குச் சொல்லுங்கள்.

பதில் 3: நகரி நெசவாளர்

தறிக்கூடத்தில் தெலுங்குச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எந்த மருத்துவமனை, உடல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஓர் இணையப் பதிவை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இரங்கல் வாசித்தார்கள். நடிகையை மட்டும் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. அண்ணி இப்போது எந்த நடிகையின் பெயரையும் எடுப்பதில்லை. சிகிச்சை பெற்றுத் தேறிய ஒருவரை, அவர் சம்மதத்தோடு, அயல்கூட்டத்துக்கு அழைத்து வருகிறார். அந்த அம்மாள் நோயைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சோதனைக்கு எவ்வளவு நேரமாகும், வலிக்குமா, துணைக்கு யாரைக் கூட்டிப் போகலாம் என்பதைத்தான் சொல்கிறார். அந்த 11 பேரில் 7 பேர் போய் வந்துவிட்டார்கள். முதல் ஆளாகக் கூப்பிட்டவர் இன்னும் போகவில்லை.