எம்.டீ.எஃப். விளிம்பு வழவழப்பாக வந்த கதை: உங்கடை அனுபவத்தையும் எழுதுங்கோ

வெள்ளவத்தையிலிருந்து:
போன மாசம் மகளுக்குப் புத்தக அலுமாரி ஒன்று செய்தேன். எம்.டீ.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யிற) பலகையைக் கடையிலேயே அளவுக்கு வெட்டுவிச்சு, வெள்ளை எனாமல் அடிச்சேன். முகப்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. விளிம்பு மட்டும் மூன்று கோட் அடிச்சும் சொரசொரப்பு. நகத்தை ஓட்டினால் பிஸ்கட்டைச் சுரண்டுற சத்தம்.

கொட்டாஞ்சேனையில் ஓடாவி ஐயா ஒருவரிடம் லாச்சிப் பலகையைக் கொண்டுபோய்க் காட்டினேன். என்ன பெயின்ட் என்று அவர் கேட்கவே இல்லை. "தம்பி, இந்தப் பலகைக்கு மேலும் கீழும்தான் இறுக்கம், நடு பொருபொருப்பு. வெட்டின வாய் பெயின்டைக் குடிச்சுக்கொண்டே இருக்கும். முதல்ல அதின்ரை தாகத்தைத் தீர்."

வெள்ளை மரப்பசையில் சரிபாதி தண்ணீர் கலந்து, பழைய பெயின்டை உரசி எடுத்த விளிம்பில் தடவச் சொன்னார். இரவு முழுக்கக் காய்ந்ததும் நார் எழும்பி நின்றது. 240 நம்பர் சாண்ட் பேப்பரைக் (நம்பர் கூடக் கூட நைஸ்) கட்டையில் சுற்றி அதை உரசி எடுத்து, இன்னொருக்கால் தடவி, திரும்ப உரசினேன். கூர் மூலையையும் இரண்டு இழுப்பில் மழுக்கச் சொன்னார்; கத்தி மாதிரி இருந்தால் பெயின்ட் அதில் நிற்காமல் விலகிவிடும். பிறகு ஒயில் பிரைமர், 320 பேப்பரால் ஒரு உரசல், அதுக்குப் பிறகே எனாமல். "கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்" என்றார். உண்மைதான், கண் விட்ட இடத்தைப் பெருவிரல் பிடிச்சது.

மாஸ்க் இல்லாமல் உரசாதேங்கோ. தூசி கோதுமை மா மாதிரி, நேரே நெஞ்சுக்குள்ளை போகும்.

தெமட்டகொடையிலிருந்து:
நான் தேக்கு மேசையில் 80 நம்பர் சாண்ட் பேப்பரிலிருந்து நேரே 240க்குத் தாவினேன். வார்னிஷ் காய்ந்த பிறகு கீறல் எல்லாம் பல்லைக் காட்டியது. இப்ப 80, 120, 180, 240 என்று ஒவ்வொன்றாய், மர ரேகை போற பக்கமே உரசுறேன். ஒவ்வொரு தடவையும் பென்சிலால் கிறுக்கி, அது முழுசா அழியும் வரை விடுறதில்லை. குறுக்கு வெட்டு முனைக்கு 320 போட்டால் ஸ்டெயின் (மரத்துக்கு ஏத்துற நிறம்) அங்கே மட்டும் கறுக்காது.

தெஹிவளையிலிருந்து:
அண்ணா, எனக்கு வில்லங்கம் மழையால். ஒக்டோபரில் ஒரு பின்னேரம் லேக்கர் (சட்டென்று காயுற பூச்சு) அடிச்சேன், பால் ஊற்றின மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. தின்னர் சட்டென்று ஆவியாக மேற்பரப்பு குளிரும். காற்றிலிருக்கிற ஈரம் அதில் படியுமாம். சுரண்டவில்லை. நல்ல வெயில் காலை ஒன்றில், மெதுவாய்க் காயுற ரிட்டார்டர் தின்னர் கலந்து மெல்லிசாய் ஒரு கோட். பத்து நிமிசத்தில் வெள்ளை கரைஞ்சு மரத்தின் நிறம் திரும்பி வந்தது.