அமெரிக்கக் கல்லூரி அட்மிஷனில், எர்லி ரவுண்டில் (முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்றில்) 'டிஃபர்' ஆனவர்கள், அதாவது முடிவு தள்ளிவைக்கப்பட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எடிசன் அம்மா:
போன டிசம்பர் நடுவில், சாயங்காலம் ஏழு மணிக்கு முடிவு வந்தது. மகன் எர்லி ஆக்‌ஷனில் (கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டியதில்லாத முன்கூட்டிய சுற்று) போட்டிருந்த தனியார் கல்லூரி. இடம் கிடைத்தால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கும் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்களாம். ஒன்றும் பறக்கவில்லை. கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டு மறுபடி மேலே போனான். "அம்மா, வேண்டாம்னு சொல்றாங்களா, அப்புறம் சொல்றோம்னு சொல்றாங்களா?" எனக்கும் விளங்கவில்லை. விண்ணப்பத்தை ரெகுலர் ரவுண்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள், மார்ச் கடைசியில்தான் தெரியும் என்று மறுநாள் பள்ளிக் கவுன்சிலர் சொன்னார்.

அடுத்து அவர் கேட்டது: "வளாகத்துக்குப் போனீர்களா?" போனோமே! ஆகஸ்டில் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போய் நூலகம், விடுதி எல்லாம் நாங்களே சுற்றிப் பார்த்தோம். ஆனால் அட்மிஷன் அலுவலகத்தில் பெயர் பதியவில்லை. மாணவருக்கு எவ்வளவு ஆர்வம் என்று பார்க்கும் கல்லூரியின் கணக்கில் நாங்கள் வரவே இல்லை. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களும் திறக்கப்படாமலே கிடந்தன. யார் திறந்தார்கள் என்று பார்க்கிற கல்லூரிகளும் உண்டு.

பல கல்லூரிகள் வருடாவருடம் 'காமன் டேட்டா செட்' என்ற புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிடுகின்றன. அதில் சி7 அட்டவணையைப் பாருங்கள். மாணவர் காட்டும் ஆர்வத்துக்கு எவ்வளவு மதிப்பு, அல்லது மதிப்பே இல்லையா என்று அதிலேயே குறித்திருப்பார்கள். செப்டம்பரிலேயே நான் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரியில் மகன் அந்தக் கல்லூரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினான். முதலில் எழுதியது முழுக்கக் கல்லூரியின் புகழ். கவுன்சிலர் அத்தனையையும் அடித்துவிட்டார். அந்த செமஸ்டர் மதிப்பெண், அக்டோபருக்குப் பிறகு செய்த ஒரு வேலை, அங்கே எந்த ஆய்வகத்தில் சேர ஆசை, இவ்வளவுதான் மிஞ்சியது. மார்ச்சில் இடம் கிடைத்தது. கடிதத்தால்தானா என்று என்னால் சொல்ல முடியாது.

டல்லஸ் அப்பா:
எங்களுடையது எர்லி டிசிஷன். கிடைத்தால் போயே ஆக வேண்டும் என்று மகள், நாங்கள், கவுன்சிலர் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டது. டிஃபர் ஆனதும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. இன்னும் கட்டுப்பட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பத்து நாளை வீணாக்கிவிட்டோம். தெரிந்தபோது வேறொரு கல்லூரியின் எர்லி டிசிஷன் 2 (இரண்டாவது முன்கூட்டிய சுற்று) கெடுவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. புத்தாண்டுக்கு முந்தின இரவு சாப்பாட்டு மேசையிலேயே கட்டுரை எழுதினாள். பிப்ரவரியில் கிடைத்தது. இரண்டாவதும் கட்டுப்படுத்தும் ரவுண்டுதான், மற்றக் கல்லூரிகளின் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. செலவைக் கணக்குப் போட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவி:
எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. எம்ஐடி ஆர்வத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. டிஃபர் ஆனவர்களுக்கு பிப்ரவரியில் ஒரு படிவம் தரும், அதை நிரப்பினால் போதும். யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களில் எர்லி ரவுண்டே இல்லை. என்னை டிஃபர் செய்த கல்லூரி, கூடுதலாக எதுவும் அனுப்ப வேண்டாம் என்று போர்ட்டலிலேயே (விண்ணப்பித்தவருக்கான இணையப் பக்கம்) எழுதியிருந்தது. அப்படியும் அப்பா வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். நான் அனுப்பவில்லை, வீட்டில் ஒரு மாதம் சண்டை.

எடிசன் அம்மா:
சரிதான்மா, போர்ட்டலில் உள்ளதைத்தான் முதலில் படிக்க வேண்டும். இப்போது டிஃபர் ஆனவர்களுக்கு இன்னொன்று: பள்ளியிலிருந்து மிட்-இயர் ரிப்போர்ட் (அரையாண்டு மதிப்பெண் அறிக்கை) போய்விட்டதா என்று கவுன்சிலரிடம் நேரில் கேளுங்கள். எங்களுடையது பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை போகவே இல்லை.