[கலைச்சொல்] வண்டிக்குப் பின்னால் வண்டி: நான்கு சக்கரமும் உருள இழுப்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய வண்டியில்) நெடும்பயணம் போகிறவர்கள் பின்னால் ஒரு சிறிய காரையும் பூட்டி இழுத்துப் போவதுண்டு. பெரிய வண்டியைத் தங்குமிடத்தில் நிறுத்திவிட்டு அக்கம்பக்கம் போய்வரச் சிறியது உதவும். இதை டிங்கி டோயிங் என்கிறார்கள். கப்பலோடு வரும் சிறுபடகுக்கு டிங்கி என்று பெயர், அதிலிருந்து வந்தது. ஃபிளாட் டோயிங் என்றும் சொல்வார்கள்.

இதற்கான பயனர் கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறோம். பின்னால் வரும் காருக்கு வரைவில் "இழுவண்டி" என்று போட்டிருக்கிறோம். டோ பார், பேஸ் பிளேட், பிரேக்அவே சுவிட்ச் ஆகியவற்றுக்கும் சொற்கள் தேவை. கருத்துகளை எழுதுங்கள்.

* * *

> பின்னால் வரும் காருக்கு வரைவில் "இழுவண்டி"

வணக்கம் ஐயா. இழுவண்டி என்பது வினைத்தொகை. சுடுநீர் என்றால் நீர் சுடுகிறது. குடிநீர் என்றால் நீர் குடிக்கப்படுகிறது. வினைத்தொகை இரண்டுக்கும் இடம் கொடுக்கும். அதனால் இழுவண்டி என்பது இழுக்கிற வண்டியா, இழுக்கப்படுகிற வண்டியா என்று சொல்லை வைத்துத் தீர்மானிக்க முடியாது. "இழுவண்டியின் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கவும்" என்று எழுதினால் படிப்பவர் எந்த வண்டிக்குப் போவார்? இழுபடுவண்டி என்றால் ஐயம் தீரும், ஆனால் பக்கத்துக்குப் பத்து முறை வரும் சொல்லுக்கு அது நீளம். முன்வண்டி, பின்வண்டி என்றே வைத்துக்கொள்ளலாம். தொடர்வண்டி வேண்டாம், அது ரயிலுக்கு நிலைத்துவிட்டது.

* * *

முன்வண்டி, பின்வண்டி எனக்கும் உடன்பாடு. ஆனால் செயலுக்குப் பெயர் வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். கையேட்டில் வெறுமனே "இழுத்தல்" என்று விட்டால் யாரோ ஒருவருடைய கியர்பாக்ஸ் போய்விடும்.

பின்வண்டியைக் கொண்டுபோக மூன்று வழி உண்டு. நான்கு சக்கரமும் தரையில் உருள, தண்டில் பூட்டி இழுப்பது ஒன்று. முன்சக்கரம் இரண்டையும் டாலி என்கிற சிறு இருசக்கரத் தாங்கியில் ஏற்றிவிட்டு, பின்சக்கரம் மட்டும் உருள இழுப்பது இன்னொன்று. முழு வண்டியையும் டிரெய்லரில் ஏற்றிவிடுவது மூன்றாவது. எந்தச் சக்கரம் தரையில் உருள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே. எஞ்சினிலிருந்து விசை வாங்கும் சக்கரம் உருண்டால், அது கியர்பாக்ஸின் உள்ளுறுப்புகளையும் சேர்த்துச் சுழற்றும்.

வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைச் செலுத்தும் பம்ப் எஞ்சினால் ஓடுவது. எஞ்சின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் மணிக்கணக்கில் சுழன்றால் உள்ளே ஆயில் போகாது. நியூட்ரலில் போட்டாலும் இதே கதிதான். உறுப்புகள் உலர்ந்து உரசிச் சூடேறிக் கெட்டுவிடும், முன்வண்டி ஓட்டுநருக்கு ஓர் அறிகுறியும் தெரியாது. மேனுவல் கியர்பாக்ஸில் பல்சக்கரமே ஆயிலை வாரி இறைப்பதால் பல வண்டிகள் தாங்கும். எல்லா மேனுவலும் தாங்கும் என்று எழுதிவிட வேண்டாம். சிலவற்றில் ஆயிலை வாரும் கீழ்ப் பல்சக்கரங்கள் எஞ்சினோடு சேர்ந்துதான் சுழலும்; நியூட்ரலில் இழுக்கும்போது அவை நின்றுவிடும்.

முன்சக்கர இயக்க வண்டியின் முன்பக்கத்தை டாலியில் ஏற்றினால் தொல்லை இல்லை. பின்சக்கர இயக்க வண்டியை அப்படி ஏற்றினால் அதே சேதம். பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிக்கு டாலி ஆகாது. மின்கார்களில் மோட்டார் பெரும்பாலும் சக்கரத்தோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கும், இழுத்தால் அது மின்னாக்கியாக வேலை செய்யும். ஆகையால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் டிரெய்லரில்தான் ஏற்றச் சொல்கிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் தனி நியூட்ரல் உள்ள நான்குசக்கர இயக்க வண்டி நான்கு சக்கரமும் உருள இழுப்பதற்கு நன்றாகப் பொருந்தும், சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே தொடர்பே அறுந்துவிடுவதால்.

ஆகவே மூன்று செயலுக்கும் மூன்று சொல் வேண்டும்: உருட்டிழுவை, தூக்கிழுவை, ஏற்றிழுவை. டிங்கி, படகு எதுவும் தமிழில் வேண்டாம். படகைக் கொண்டுவந்தால் பெயர் அழகாக இருக்கும், சக்கரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

* * *

> உருட்டிழுவை, தூக்கிழுவை, ஏற்றிழுவை

புணர்ச்சி சரியாக இருக்கிறது. உருட்டு, தூக்கு, ஏற்று மூன்றும் வன்தொடர்க் குற்றியலுகரம், இகரம் வர உகரம் கெடும். ஒன்றைப் பார்த்தால் மற்ற இரண்டும் புரிந்துவிடும். "உருட்டிழுவைக்கு ஏற்ற வண்டி", "உருட்டிழுவை வேக வரம்பு" என்று அடைமொழியாகவும் வரும். என் வாக்கு இதற்கே.

* * *

உறுப்புகளுக்கு வருவோம்.

டோ பாரின் இரு கைகள் பின்வண்டியிலிருந்து வந்து முன்முனையில் ஒன்றாகக் கூடும். கவைத்தண்டு என்றால் வடிவம் சொல்லிலேயே வந்துவிடும்.

பேஸ் பிளேட்டை அடித்தகடு என்று பெயர்க்க வேண்டாம். தகடு என்றதும் வண்டிக்கு அடியில் தேடுவார்கள். அது முன் பம்பருக்குப் பின்னால், அடிச்சட்டத்தின் இரு முனைகளிலும் போல்ட் போட்டு இறுக்கும் எஃகுச் சட்டம். இரண்டு காதுகள் மட்டும் வெளியே தெரியும், கவைத்தண்டின் கைகள் அங்கேதான் பூட்டும். பூட்டுச்சட்டம் என்கிறேன். ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் செய்யப்படுவது, மாற்றிப் போட முடியாது. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முடுக்க வேண்டும், முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

முன்வண்டியின் பின்புறத்தில் தண்டு மாட்டும் இடத்துக்குக் கொளுவி போதும். கவைத்தண்டு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கொளுவிக்கும் பூட்டுச்சட்டத்துக்கும் உயர வேறுபாடு 3 அல்லது 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கொளுவி மிக உயரமாக இருந்தால், பிரேக் போடும்போது பின்வண்டி முன்வண்டிக்கு அடியில் நுழையப் பார்க்கும். அதைச் சரிசெய்ய மாட்டும் துண்டுக்கு இறக்கக்கொளுவி என்று பெயர் வைக்கலாம்.

காப்புச்சங்கிலி இரண்டையும் தண்டுக்கு அடியில் குறுக்காக மாட்டச் சொல்லுங்கள். தண்டு கழன்றால் சங்கிலியின் மேல் விழும், தரையில் குத்தாது. திருப்பத்தில் இழுபடாத அளவுக்குத் தளர்வும் வேண்டும், தரையில் உரசவும் கூடாது.

எடை பற்றிய பத்தியில் ஒரு கணக்கைப் போடுங்கள், வெறும் எச்சரிக்கை போதாது. கொளுவி 2,250 கிலோ, கவைத்தண்டு 3,400, பூட்டுச்சட்டம் 2,000 தாங்கும் என்றால் வரம்பு 2,000தான். இன்னொரு கணக்கும் உண்டு: இரு வண்டியும் சேர்ந்த கூட்டெடை வரம்பு 11,800 கிலோ, நிரப்பிய தண்ணீர், எரிபொருள், ஆட்களோடு முன்வண்டி 9,900 என்றால் மீதி 1,900. இரண்டு விடையில் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். பின்வண்டிக்குள் வைக்கும் சாமானும் இந்த 1,900க்குள் அடங்கும்.

* * *

பிரேக்அவே சுவிட்ச் எனக்குக் கடினமாக இருந்தது. இரு வண்டியும் பிரிந்தால் கம்பி ஒரு முளையைப் பிடுங்கும், உள்ளே மின்சுற்று மூடும், பின்வண்டியின் பிரேக் தானே பிடிக்கும். பிரியும் நிலையில் வேலை செய்வதால் பிரிநிலைச் சுவிட்ச். இலக்கணத்தில் பிரிநிலை ஏகாரம் உண்டு என்றாலும் இங்கே குழப்பம் வராது. கம்பியை முன்வண்டியின் சட்டத்தில் நேரடியாக மாட்ட வேண்டும் என்ற வரி விடுபடக் கூடாது. கழற்றக்கூடிய கொளுவித் துண்டிலோ காப்புச்சங்கிலியிலோ மாட்டினால், கொளுவி உருவிக்கொண்டு வரும்போது கம்பியும் கூடவே வந்துவிடும், முளை பிடுங்கப்படாது.

முன்வண்டி பிரேக் போடும்போது பின்வண்டியின் பிரேக்கையும் பிடிக்கவைக்கும் துணைப்பிரேக் பற்றியும் இரண்டு செய்தி சேர்க்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் முட்டவைத்து மிதியை அழுத்தும் பெட்டி வகையாக இருந்தால், பொருத்துவதற்கு முன் எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியைச் சில முறை அழுத்தி பூஸ்டரில் (மிதியின் விசையைப் பெருக்கும் உறுப்பில்) மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்க்க வேண்டும். வெற்றிடத்தோடு அமைத்துவிட்டால், அது தீர்ந்த பிறகு அதே அழுத்தத்தில் பிரேக் போதாது. இன்னொன்று, பெட்டி ஓய்வில் இருக்கும்போது மிதியைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இருக்கையை ஒரு விரல் கூடுதலாக முன்னே தள்ளிவிட்டால் பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்தபடியே வரும். டிரம்மும் டிஸ்க்கும் கொதிக்கும், பிரேக் விளக்கு எரிந்தபடி இருக்கும், பாட்டரியும் இறங்கும். புறப்பட்டுப் பத்து கிலோமீட்டரில் நிறுத்தி நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையை நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தொட வேண்டாம், பிரேக் பிடித்தபடி வந்திருந்தால் வெப்பம் கையில் அடிக்கும்.

டயர் காற்றுக்கும் இதே கவனம். கனமான முன்வண்டியில் இருப்பவருக்குப் பின்வண்டியில் ஒரு டயர் காற்றிறங்கியது தெரியவே தெரியாது. டயர் கிழிந்து தீப்பிடிக்கும்வரை போகலாம். காற்றழுத்த உணரியை விருப்பப் பொருளாகப் போடாமல் தேவையான பொருளாகப் போடுங்கள்.

* * *

டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல் போடும் படிகளில் வரைவு ஒன்றைத் தவறவிட்டிருக்கிறது. நியூட்ரலில் போட்ட பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கியரை ஒரு முறை முன்னோக்கும் ஒரு முறை பின்னோக்கும் போட்டு, வண்டி நகரவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். முன்வண்டியோடு பூட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் வண்டி தானே உருண்டுவிடும், கியர் பார்க்கில் இருந்தாலும் சரி. அதன் பிறகு எஞ்சினை நிறுத்தி, கியரை அந்த மாடலின் கையேடு சொல்லும் நிலையில் வைத்து, ஸ்டீயரிங் லாக் விடுபட்டிருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிப் பார்த்து, கடைசியில் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஸ்டீயரிங் லாக் விடுபடும் நிலையில் சாவி இருந்தால் பாட்டரி இறங்கும் மாடல்களுக்கு எந்த ஃபியூஸை எடுக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

பின்னோக்கி ஓட்டுவது பற்றிய எச்சரிக்கை "பின்னோக்கி ஓட்டுவதைத் தவிர்க்கவும்" என்று இருக்கிறது. தவிர்க்கவும் என்றால் கொஞ்ச தூரம் போகலாம் என்று படும். முன்னே போகும்போது பின்வண்டியின் முன்சக்கரம் தானே நேராகும். பின்னே தள்ளினால் அதே அமைப்பு சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிடும். டயர் குறுக்கே உரசும், சுமை கவைத்தண்டின் ஒரு கையில் ஏறி அதை வளைக்கும். சில அடி தூரமே போதும். இப்படி மாற்றப் பரிந்துரைக்கிறேன்:

"உருட்டிழுவையில் ஓர் அடிகூடப் பின்னோக்கி ஓட்டக் கூடாது. பின்வண்டியைக் கழற்றித் தனியாக நகர்த்தவும். கவைத்தண்டின் முளை இறுகியிருந்தால் சுத்தியலால் தட்ட வேண்டாம். முன்வண்டியை நேராகச் சிறிது முன்னே நகர்த்தி, சமதரையில் நிறுத்திப் பிறகு எடுக்கவும்."